நாற்பதாம் நாடா

ஸ்கார்பரோ,
இங்கிலாந்து,
3 மார்ச் 1993

கோரல்,

நீ அனுப்பிய அளவைப் பார்த்ததும் எனக்குத் தலையே சுற்றிவிட்டது. மார்பு போன வருஷத்தைவிட இரண்டு அங்குலம் கூட, இடுப்பு மூன்று அங்குலம் கூட. அந்தத் தீவில் ஆட்டை முழுசாக விழுங்குகிறாயா? என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கார்செட் போடாமல் அளவு எடுத்திருக்கிறாய். எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன்! 1885-ஆம் வருஷத்து உடுப்பு கார்செட்டின்மேல் உட்காருகிற உடுப்பு. முதலில் கார்செட்டை இறுக்கிக் கட்டு, பின்னால் பாவாடையைத் தூக்கி நிறுத்துகிற அந்தப் பஸில் திண்டைக் கட்டு, அப்புறம் டேப்பை எடு. உன் வீட்டுக்காரர் மேக்னஸிடம் டேப்பைக் கொடுக்காதே. மீன்வலையை இழுக்கிற மாதிரி இழுப்பார்.

உனக்குத் தெரிந்ததைத்தான் மறுபடி சொல்கிறேன், மறந்தவள் மாதிரி நடந்துகொள்கிறாயே. அந்தப் பழைய பேட்டர்ன் புத்தகத்தில் இருப்பது உள்ளங்கை அகலப் படமும் எண்களும் மட்டும். அவரவர் மார்பளவுக்கு என்று தனித்தனி அளவு நாடா. பெரிய மார்புக்கான நாடாவில் ஒவ்வொரு கோடும் நிஜ அங்குலத்தைவிடத் தள்ளித் தள்ளி இருக்கும். படம் ஒன்றுதான், எண் ஒன்றுதான், நாடாவை மாற்றினால் சட்டையே பெரிதாகிவிடும். ஆக, மார்பளவு ஒன்று தப்பினால் கழுத்துப்பட்டியிலிருந்து கைமணிக்கட்டு வரை எல்லாம் கோணல். புத்தகத்தோடு வந்த காகித நாடாக்கள் கிழிந்துபோகின்றன என்று, போன வாரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெள்ளைப் பருத்தி நாடாவில் மையால் எழுதினேன். கண் பூத்துப்போயிற்று.

பதினோரு வருஷமாக எங்கள் பழங்கால உடுப்புச் சங்கத்தின் ஜூன் ஊர்வலத்தில் கடைசி வரிசையில் நடந்தவள் நான். இந்த வருஷம்தான் சங்கத்தில் முதல் வரிசை கொடுத்திருக்கிறார்கள். ஒரே பக்கத்துப் பேட்டர்னில் இரண்டு உடுப்பு, அக்காளும் தங்கையும் ஜோடியாக. உனக்குக் கரும்பச்சை, எனக்கு நாவல்பழ நிறம். இதில் மண்ணைப் போட்டுவிடாதே.

போன் பண்ணலாம்தான். ஆனால் உன் மாமியார் கீழே இன்னொரு ரிசீவரை எடுத்து மூச்சு விடுவது எனக்கு இங்கே கேட்கிறது. காடாத் துணியில் தைத்த மாதிரிச் சட்டையை இத்தோடு அனுப்பியிருக்கிறேன். கார்செட்டோடு போட்டுப் பார்த்து, சரியில்லாத இடத்தில் குண்டூசி குத்தி அப்படியே திருப்பி அனுப்பு.

பெரில்


ரௌஸ்னே, ஆர்க்னித் தீவுகள், ஸ்காட்லாந்து,
11 மார்ச்

அக்கா,

சட்டை வந்தது. குண்டூசி குத்தி அனுப்பியிருக்கிறேன். கார்செட்டின் முன் கம்பி ஒன்று உடைந்துவிட்டது, அதனால் போட முடியவில்லை. கம்பி இருந்தாலும் இப்போது போடுகிற மாதிரி இல்லை. இங்கே குளிர், உள்ளே இரண்டு கம்பளிச் சட்டை போடுகிறேன், அதுதான் அளவு கூடியதற்குக் காரணமாக இருக்கும்.

அக்கா, முன்பக்கம் தொளதொள என்று விழுகிற ஏதாவது அந்தப் புத்தகத்தில் இல்லையா? வீட்டுக்குள் தேநீர் குடிக்கும்போது போடுவார்களே, அந்த அங்கி மாதிரி. அல்லது மேலே ஒரு பெரிய மேலாடை. நான் ஜோடியாக நடக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஜூனில் எப்படி இருப்பேன் என்று இப்போதே சொல்வது கஷ்டம், அவ்வளவுதான். மேக்னஸின் படகு வேலை இருக்கிறது, ஆட்டுக்குட்டிகள் இருக்கின்றன.

கோபப்படாதே.

கோரல்


ஸ்கார்பரோ,
17 மார்ச்

கோரல்,

கம்பி உடைந்தது, குளிர், கம்பளிச் சட்டை, ஆட்டுக்குட்டி. ஒரு கடிதத்தில் நான்கு சாக்கு. ஒன்றே ஒன்று சொல்லியிருந்தால் நம்பித் தொலைத்திருப்பேன்.

உன் கடிதத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சட்டையை மேஜையில் விரித்தேன். முதலில் நன்றாகத் திட்டினேன். அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். முதுகில் ஒரு குண்டூசிகூட இல்லை. நான் வெட்டிய முதுகு உனக்கு அப்படியே பொருந்தியிருக்கிறது. தோள் அப்படியே. கை அப்படியே. முன்பக்கம் மட்டும் டாட் மடிப்பு இரண்டையும் பிரித்து, நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு விட்டு, மார்புக்குக் கீழிருந்து ஊசிகள் வெளியே வெளியே போகின்றன. சாப்பிட்டுப் பெருத்தவள் எல்லாப் பக்கமும் பெருப்பாள். கம்பளிச் சட்டை போட்டவளுக்கு முதலில் கைதான் பிடிக்கும். இது அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

எத்தனை மாசம்?

என்னிடம் சொல்லாமல் இருந்தாயே என்று வயிறு எரிகிறது. அதைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது. உனக்கு நாற்பத்தொன்று ஆகிறது. முன்னால் இரண்டு முறை என்ன ஆனது என்று நான் எழுத வேண்டியதில்லை. உடனே பதில் போடு. ஊர்வலம் நாசமாய்ப் போகட்டும்.

பெரில்


ரௌஸ்னே,
25 மார்ச்

அக்கா,

நாலு மாசம் முடிந்துவிட்டது. மேக்னஸுக்கும் நர்ஸுக்கும் கிர்க்வால் டாக்டருக்கும்தான் தெரியும். இப்போது உனக்கு. ஒரே வீட்டில் இருக்கிற மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை. மேக்னஸின் மீன்பிடி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அலைகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கேட்காதே, நானே சொல்கிறேன். போன தடவை உன்னிடம் சொன்ன மறுநாளே உன் சங்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது. நீ ஞானஸ்நான அங்கி தைத்து, அதன் போட்டோவை எல்லாருக்கும் காட்டினாய். அப்புறம் குழந்தை போனதும் முகம் தெரியாத பெண்களெல்லாம் எனக்கு அனுதாபக் கார்டு அனுப்பினார்கள். ஒவ்வொரு நாளும் தபால்காரர் வருவார், ஒவ்வொரு நாளும் நான் மறுபடி முதலிலிருந்து அழுவேன். உன்மேல் கோபம் இல்லை என்று அப்போது சொன்னேன். பொய். இருந்தது.

அதனால் இந்த முறை ஒரு ஆத்மாவிடமும் மூச்சு விடாதே. ஒன்றும் தைக்காதே, பின்னாதே, வாங்காதே. ஒரு சாக்ஸ்கூட வேண்டாம். குழந்தை பிறந்து அழுகிற சத்தம் கேட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம். கேட்கும் என்று சொல்லவில்லை.

நான் தினமும் பயப்படுகிறேன், அக்கா. காலையில் எழுந்ததும் முதலில் பயம்தான் எழுந்திருக்கிறது. ஸ்கேன் எடுக்கக் கிர்க்வாலுக்குப் போக வேண்டும், அதற்குக் கடல் அனுமதிக்க வேண்டும். நர்ஸ் பக்கத்துத் தீவிலிருந்து வருகிறவள், எல்லா வாரமும் வர முடிவதில்லை. உன் அளவுக்காகத்தான் முதலில் டேப்பை எடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கப் பழகிவிட்டது. அரை அங்குலம் கூடியிருந்தால் அந்த வாரத்தை ஓட்டிவிடுவேன். உள்ளே இருப்பது உயிரோடு இருக்கிறது என்பதற்கு என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை.

உனக்குத் தப்பான அளவு அனுப்பவில்லை. சரியான அளவைத்தான் அனுப்பினேன்.

கோரல்


ஸ்கார்பரோ,
1 ஏப்ரல்

கோரல்,

கார்டு விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய்க் கையை ஒடித்திருப்பேன், முதலில் என் கையை.

சரி. நாக்கைப் பூட்டிவிட்டேன். சங்கத்தில் மேவிஸ் கேட்டாள், "என்ன பெரில், உன் தங்கச்சி ஒத்திகைக்கு வரலையாமே?" "முட்டி பிசகிடுச்சு" என்றேன். "எந்த முட்டி?" என்றாள். "ரெண்டும்" என்று சொல்லித் தொலைத்தேன். இனி நீ ஊருக்கு வந்தால் நொண்டித்தான் நடக்க வேண்டும்.

குழந்தைக்கு ஒன்றும் தைக்க மாட்டேன். ஆனால் உனக்குத் தைப்பதை நீ தடுக்க முடியாது. அந்தக் காலத்துப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பெற்றார்கள், அத்தனை வருஷமும் வீட்டுக்குள்ளேவா பூட்டிக் கிடந்தார்கள்? முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் கயிறு கோத்து, மாசத்துக்கு மாசம் தளர்த்திக்கொள்கிற சட்டை இருக்கிறது. மேலே பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மார்பு இப்போது நாற்பது என்கிறாய், நாற்பதாம் நாடாவால் புதிதாக வரைந்து காடாவில் தைத்து அனுப்புகிறேன். கார்செட் கிடையாது. கார்செட் என்ற பேச்சையே எடுத்தால் உன்னைக் கொன்றுவிடுவேன்.

நீ ஜூனில் வர வேண்டாம். உடுப்பு மட்டும் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அளவை எனக்கும் எழுது. இனி நானும் அந்த அரை அங்குலத்துக்காகத்தான் காத்திருப்பேன் போலிருக்கிறது.

பெரில்


ரௌஸ்னே,
11 ஏப்ரல், ஞாயிறு

அக்கா,

சுருங்கிவிட்டது.

போன ஞாயிறு இடுப்பு முப்பத்தெட்டு. இன்று முப்பத்தைந்து. மறுபடி எடுத்தேன், முப்பத்தைந்துதான். கண்ணாடி முன்னால் நின்று எடுத்தேன். படுத்துக்கொண்டு எடுத்தேன். மார்பும் குறைந்திருக்கிறது. உடம்பு முழுக்க வற்றிப்போகிறது. தோளுக்குத் தோள் பதினாலு இருந்தது, இப்போது பதின்மூன்றுகூட இல்லை. மேக்னஸ் என் டேப்பைப் படகுக்குக் கொண்டுபோய்விட்டார், தையல் பெட்டியில் கிடந்த இன்னொன்றால் எடுத்தேன், அது நல்ல புது வெள்ளை டேப்.

வியாழக்கிழமை உள்ளே ஏதோ துடித்த மாதிரி இருந்தது. நேற்று இல்லை. இன்றும் இல்லை. போன தடவையும் இப்படித்தான், எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே முடிந்துபோயிருந்தது.

காற்று பலமாக அடிக்கிறது, பயணிகள் படகை நிறுத்திவிட்டார்கள். நர்ஸுக்குப் போன் பண்ணலாம். பண்ணினால் அவள் எப்படியாவது வந்து துடிப்பு கேட்கிற அந்தக் கருவியை வைத்துப் பார்ப்பாள். பார்த்தால் சொல்லிவிடுவாள். சொல்லாதவரை இன்னும் ஒரு நாள் இருக்கிறது. மேக்னஸிடம் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டுக்கொண்டே ஏதோ பாட்டு முணுமுணுக்கிறார், எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

நாளைக்கு மீன் ஏற்றும் படகு போகும் என்கிறார்கள், அதில் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுவேன். நீ என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

கோரல்


ஸ்கார்பரோ,
15 ஏப்ரல்

அடி கோரல்,

இதைப் படிக்கும் முன் உனக்கு விஷயம் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். என்றாலும் எழுதுகிறேன்.

உன் கடிதம் காலையில் வந்தது. முதல் வரியைப் படித்ததும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். அப்புறம் மறுபடி படித்தேன். தோளுக்கு வந்ததும் நின்றேன். பதினாலு, இப்போது பதின்மூன்றுகூட இல்லை. தோள் எலும்படி! வயிறு சுருங்கலாம், மார்பு சுருங்கலாம், ஒரு வாரத்தில் எவளுக்காவது தோள் எலும்பு சுருங்குமா? உடனே என் நாடாக் கொத்தைக் கொட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு இருக்கிறது, முப்பத்தெட்டு இருக்கிறது, நாற்பத்திரண்டு இருக்கிறது. நாற்பது இல்லை. போன வாரம் அனுப்பிய உன் புதுச் சட்டையை மடிக்கும்போது பார்சலுக்குள் போயிருக்கிறது, அங்கிருந்து உன் தையல் பெட்டிக்கு. நான்தான், வேறு யார்?

நீ அளந்தது என் நாற்பதாம் நாடாவால். அதில் ஒவ்வொரு கோடும் அங்குலத்தைவிடப் பெரிசு, அதனால் எண் குறைவாகத்தான் காட்டும். முப்பத்தாறாம் நாடாவில்தான் ஒரு கோடு சரியாக ஒரு அங்குலம், அதனால் முப்பத்தாறுக்கு நாற்பது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் தோள் அதே பதினாலு. உன் இடுப்பு முப்பத்தெட்டுக்கும் மேலே, அரை அங்குலத்துக்கும் அதிகமாகக் கூடித்தான் இருக்கிறது, குறையவில்லை.

உடனே போன் போட்டேன். உன் மாமியார்தான் எடுத்தார். "கோரல் வெளியில ஆட்டுக்குட்டிகிட்ட நிக்கிறா, என்ன சொல்லணும்?" என்றார். என் நாக்கில் பூட்டு. என்ன சொல்வேன்? "வெள்ளை நாடா தப்பு, அது நாற்பது, தோள் சுருங்காதுன்னு சொல்லுங்க" என்றேன். "என்னம்மா?" என்றார். மூன்று தடவை சொன்னேன். நான் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

ஆனால் ஒன்று கேட்டுக்கொள். நாடா சரியாகிவிட்டது என்பதால் எல்லாம் சரி என்று நான் சொல்ல முடியாது. எனக்குத் துணிதான் தெரியும். நர்ஸைக் கூப்பிடு. நாளைத் தள்ளிப்போடாதே, கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பெரில்


ரௌஸ்னே,
20 ஏப்ரல்

அக்கா,

நான் கொல்லைப்பக்கம் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்து நின்றார். "உங்கக்கா போன் பண்ணா. வெள்ளை நாடா தப்பாம், அது நாப்பதாம், தோள் சுருங்காதாம். மூணு வாட்டி சொன்னா. அவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார்.

தையல் பெட்டியில் கிடந்த அந்த வெள்ளை டேப் கண்முன் வந்தது. அப்புறம் புரிந்தது. புட்டியைக் கீழே போட்டுவிட்டு வைக்கோல்மேல் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், எது எப்போது என்று தெரியவில்லை. குட்டி என் ஸ்வெட்டரைச் சப்பிக்கொண்டிருந்தது. அத்தை என்னையே பார்த்தார்.

"எத்தனை மாசம் ஆச்சு?" என்றார்.

"உங்களுக்கு எப்படி..."

"ரெண்டு மாசமா உன் கஞ்சியில மட்டும் க்ரீம் ஊத்துறேனே, எதுக்குன்னு நெனச்ச? என் மகன் ஸ்வெட்டர் அழகா இருக்குன்னு நீ போட்டுக்கிட்டேன்னு நான் நம்பணுமா? நீயா சொல்லுவேன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அத்தையே நர்ஸுக்குப் போன் போட்டார். போட்டார் என்பதைவிட அதட்டினார். மறுநாள் நண்டுப் படகில் ஏறி வந்தாள் அந்தப் பெண், கடல் ஆட்டத்தில் குமட்டி முகம் வெளிறிப்போய். கருவியை வைத்தாள். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். ஒன்றுமில்லை. அத்தை என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏன் பெருவிரல் என்று தெரியவில்லை. அப்புறம் கேட்டது, அக்கா. வேகமாக, குதிரை ஓடுகிற மாதிரி.

நாற்பதாம் நாடாவை அத்தை அடுப்பில் போடப் போனார். பிடுங்கி வைத்திருக்கிறேன். தபாலில் வருகிறது.

கோரல்


ஸ்கார்பரோ,
28 ஜூன்

கோரல்,

உன்னிடமிருந்து கடிதம் வந்து வாரக்கணக்காகிறது. போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, உன் மாமியாரின் மூச்சுகூட இல்லை. வீட்டில் எல்லாரும் புல் அறுக்கப் போயிருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்பிக்கை வரவில்லை.

ஊர்வலம் நேற்று முடிந்தது. முதல் வரிசையில் நான் தனியாக நடந்தேன். உன் கரும்பச்சை உடுப்பை எடுத்துப்போகவில்லை. ஆளில்லாத உடுப்பைத் தையல் பொம்மைமேல் நிறுத்தினால் பார்க்க நன்றாக இருக்காது என்று தோன்றியது. என்ன தோன்றியது என்று உனக்குப் புரியும். எல்லாரும் என் பின்பக்க மடிப்புகளைப் புகழ்ந்தார்கள். கடற்கரைச் சாலையில் காற்று அடித்து, பஸில் ஒரு பக்கம் சாய்ந்து, வாத்து மாதிரி நடந்தேன். நடந்த வழியெல்லாம் மனசு உன்னிடம்தான். மேவிஸ், "தங்கச்சி முட்டி எப்படி இருக்கு?" என்றாள். "தெரியல" என்றேன். அது ஒன்றுதான் அவளிடம் நான் சொன்ன நிஜம்.

வாக்குக் கொடுத்தபடி ஒன்றும் தைக்கவில்லை. கடையில் மென்மையான வெள்ளைப் பருத்தித் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். பிரசவத்துக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறதே. ஒரு வரி போடு. ஒரே ஒரு வரி.

பெரில்


அபர்டீன்,
9 ஜூலை

அக்கா,

உன் கடிதத்தை மேக்னஸ் இங்கே கொண்டுவந்து கொடுத்தார். நீ போன் போட்டபோது வீட்டில் யாரும் இல்லை. எனக்கு ரத்த அழுத்தம் ஏறி, கால் வீங்கி, விமானத்தில் இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். அத்தையும் கூடவே ஏறிக்கொண்டார், "என்னை இறக்கிட்டு போங்க பாக்கலாம்" என்று. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். நீ கோபப்படலாம், நியாயம்தான்.

திங்கட்கிழமை அறுத்து எடுத்தார்கள். பெண். அழுதாள், அக்கா. பூனைக்குட்டி மாதிரிதான், ஆனால் எனக்குக் கேட்டது, மேக்னஸுக்கும் கேட்டது. அப்புறம் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மூன்றரைப் பவுண்டுகூட இல்லை. முதல் இரண்டு நாள் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. புதன்கிழமை மூச்சுக்காக வைத்திருந்த குழாயை எடுத்தார்கள். நேற்று டாக்டர் நேராக என்னைப் பார்த்து, "இவ பொழச்சுக்குவா, இன்னும் பல வாரம் ஆகும், ஆனா பொழச்சுக்குவா" என்றார். நான் மறுபடி சொல்லச் சொன்னேன். சொன்னார்.

இங்கே இருக்கிற மிகச் சின்னச் சட்டையில் இவளைப் போல இரண்டு பேர் நுழைவார்கள். கழுத்து தோள்வரை சரிகிறது, கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை. அதனால் நர்ஸ் பெண்ணிடம் கேட்டு, பெட்டியின் ஓட்டைக்குள் கைவிட்டு நானே அளந்தேன்.

மார்பு பத்தரை. கழுத்து ஏழு. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஐந்து. முன்பக்கம் முழுவதும் திறக்க வேண்டும், வயர்கள் வெளியே வர இடது பக்கம் ஒரு துவாரம் வேண்டும், பொத்தான் கூடாது, நாடா முடிச்சு போதும். நீ தொட்டுப் பார்த்துவிட்டு வைத்த அந்தத் துணியிலேயே தை. மூன்று சட்டை வேண்டும்.

உள்ளே நிறையத் துணி விட்டுத் தை, அக்கா. பிரித்துப் பிரித்துப் பெரிசாக்க வேண்டியிருக்கும்.

கோரல்